அப்பாவுக்குக் கிடையாது, மாமிக்கு உண்டு!

நீங்கள் ஆபீஸ் போகிற ஆண். வயது முப்பத்திச் சொச்சம். மாசம் முப்பதாயிரம் சம்பளம், இருபத்தேழாம் தேதிக்கு மேல் கடன். நாளைக்கே உங்கள் பேரில் ஒரு சொத்துத் தகராறு கோர்ட்டுக்கு வந்தால், சர்க்கார் செலவில் உங்களுக்கு ஒரு வக்கீல் கிடைப்பாரா?

மாட்டார்.

சரி, உங்கள் மனைவிக்கு? கிடைப்பார். உங்கள் அம்மாவுக்கு? கிடைப்பார். நேற்று ராத்திரி போலீஸ் அள்ளிக்கொண்டு போன பக்கத்துத் தெருப் பணக்காரருக்கு? தாராளமாகக் கிடைப்பார். உங்களுக்கு மட்டும், ஊஹூம்!

இதென்ன நியாயம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் அப்பா கேட்டுவிட்டார். ஒரு முறை அல்ல, மூன்று மாசமாகக் காலை, மாலை இரு வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். காரணம், இலவச வக்கீலுக்கு மனு போட்டவர் அவருடைய சொந்தத் தங்கச்சி. எதிர்க்கட்சி அப்பா. மனுவை உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது... ஹி... ஹி... அடியேன்.

ஊர் சிதறால். மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறினால் டிக்கெட் வாங்கிச் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் வந்துவிடும். ரப்பர், மரச்சீனி, வாழை, நடுவில் ஒரு பாறை மலை. ஒன்பதாம் நூற்றாண்டில் சமணர்கள் அந்தப் பாறையில் தீர்த்தங்கரர்களை வரிசையாகச் செதுக்கி வைத்தார்கள். பிற்பாடு அதுவே பகவதி கோயிலாகிவிட்டது. இப்போது தொல்லியல் துறையின் போர்டு நிற்கிறது. எங்கள் ஊரில் அனுபவ பாத்தியதை கைமாறுவது மனுஷர்களோடு நிற்பதில்லை பாருங்கள்.

பாட்டா 1994-இல் உயில் எதுவும் எழுதாமல் காலமானார். பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். மிச்சம் 42 சென்ட் ரப்பர் விளை. வாரிசு மூன்று பேர்: அப்பா, சித்தப்பா, மாமி. அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கு 21 சென்ட் என்று பிரித்து, பட்டாவும் வாங்கிவிட்டார்கள். மாமியை யாரும் கேட்கவில்லை. மாமியும் யாரையும் கேட்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவார், கேக்கும் முறுக்கும் தருவார், போவார். முப்பது வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

போன வருஷம் மாமா இறந்துபோனார். துபாயில் இருக்கும் மகன் அனுப்புகிற பணம் மருமகள் அக்கவுண்டுக்குப் போகிறது. மாமி கைக்கு வருவது இரண்டு ஆட்டின் பால் காசு. இப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா ஆராதனைக்குப் போன நேரம் பார்த்து, வீட்டுக்கு வந்தார்.

"மக்களே, உனக்க அப்பன் இல்லல்லா? எனக்கு ஒரு பேப்பரு எழுதித் தரணும். கோர்ட்டுல பொம்பளையளுக்குப் பைசா கட்டாண்டாம்னு சொல்லுகாவ. உள்ளதா?"

உள்ளதுதான். நான் பி.காம். சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் பற்று வரவு எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு சட்டப் பிரிவை வாசித்துப் புரிந்துகொள்வது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987. அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9. (சட்டம் போட்டு எட்டு வருஷம் கழித்து அமல்! பரவாயில்லை, வந்ததே!) அதில் 12-வது பிரிவுதான் நமக்கு வேண்டியது. யார் யாருக்கு இலவச உதவி என்று அந்த ஒரே பிரிவில் சொல்லிவிட்டார்கள்.

பட்டியல் இனத்தவர், பழங்குடியினர். பெண்கள். குழந்தைகள். மாற்றுத்திறனாளிகள். ஆள் கடத்தலிலோ கட்டாய வேலையிலோ சிக்கியவர்கள். காவலில் இருப்பவர்கள், ஜெயில் மட்டும் அல்ல, பாதுகாப்பு இல்லம், சிறார் இல்லம், மனநல மருத்துவமனை எல்லாம் இதில் அடக்கம். இவர்கள் யாரிடமும் 'மாசம் எவ்வளவு வருது?' என்று கேட்கக் கூடாது. வருமானக் கேள்வியே கிடையாது. இதைத்தான் நம்மில் பாதிப் பேர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறோம். இலவசம் என்றால் ஏழைக்கு மட்டும் என்று நினைப்பு.

இன்னொரு வகை, பேரழிவில் அடிபட்டவர்கள். வெள்ளம், வறட்சி, பூகம்பம், தொழிற்சாலை விபத்து, இனக் கலவரம், சாதிக் கொடுமை. இதெல்லாம் எங்கோ நடக்கிற விஷயம் என்று எங்கள் மாவட்டத்துக்காரன் சொல்ல முடியாது. 2004 சுனாமி குளச்சலில் செய்துவிட்டுப் போனதை நேரில் பார்த்தவர்கள் நாங்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஓக்கி வந்தது. மலைப் பக்கம் ரப்பரும் வாழையும் படுத்தன. கடல் பக்கம் போன வள்ளங்கள் பல திரும்பவில்லை. ஆள் போன வீட்டில் அழுது முடிப்பதற்குள் வாரிசுச் சான்றிதழ், பேங்க், இன்ஷூரன்ஸ் என்று பேப்பர் வேலை வாசலில் வந்து நிற்கும். காணாமல் போனவரை இறந்தவராகக் கருதுவதற்குப் பொது விதி ஏழு வருஷம். அந்த வீட்டுக்காரர்களுக்கு வக்கீல் தேவைப்பட்டால் இந்தப் பிரிவு இருக்கிறது.

அடுத்து 'தொழிற்சாலைத் தொழிலாளி' என்று ஒரு வகை. ஆபீஸ் நண்பர்களே, இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருங்கள். தொழிலாளர் சட்டங்களின் வரையறையில் உடல் உழைப்பு மட்டும் இல்லை, குமாஸ்தா வேலையும் வருகிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்தான் வெளியே. ஆகவே 'அசிஸ்டெண்ட் மேனேஜர்' என்று விஸிட்டிங் கார்டு அடித்துக்கொள்வதற்கு முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். சம்பளம் ஏறாமல் பட்டம் மட்டும் ஏறினால், நாளைக்குக் கம்பெனியோடு தகராறு வரும்போது அந்தக் கார்டே உங்களுக்கு எதிர்ச் சாட்சி!

இந்த வகை எதிலும் சேராதவர்களுக்குத்தான் வருமான வரம்பு. 1987-இல் சட்டம் எழுதியபோது வருஷத்துக்கு 9,000 ரூபாய். சுப்ரீம் கோர்ட் வழக்கென்றால் 12,000. மாநில அரசு உயர்த்திக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். இன்று தமிழ்நாட்டில் 3 லட்சம். சுப்ரீம் கோர்ட்டுக்கு 5 லட்சம். வருமானத்துக்கு அஃபிடவிட் கொடுத்தாலே போதும் என்று 13-வது பிரிவு சொல்கிறது. சந்தேகப்பட முகாந்திரம் இருந்தால் மட்டும் துருவுவார்கள். அதோடு ஒரு நிபந்தனை, கேஸில் மேலோட்டமாகப் பார்த்தாலாவது சத்து இருக்க வேண்டும். 'பக்கத்து வீட்டு நாய் என்னை முறைத்தது' என்று போனால் டீ கூடக் கிடைக்காது.

அப்பாவுக்கு ஒரு ரப்பர் வியாபாரக் கடையில் கணக்குப் பிள்ளை வேலை. மாசம் 27,500. பன்னிரண்டால் பெருக்கினால் 3,30,000. முப்பதாயிரம் ரூபாயில் தவறிவிட்டார்! கடைக் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு, நிர்வாகி மாதிரித்தான். அதனால் தொழிலாளி வாசலும் சாத்தல். மனுவின் நகலைப் பார்த்த அன்று வீட்டில் நடந்த உரையாடலைக் கொஞ்சம் தணித்தே எழுதுகிறேன்.

"எடேய், அவளுக்க மொவன் துபாய்ல. அவளுக்கு ஓசி வக்கீலு! நான் மாசம் முழுக்க எழுதிக் கை தேஞ்சு போனவன். எனக்குக் காசு வக்கீலா?"

"சட்டம் அப்படிப்பா."

"அந்தச் சட்டத்தை எழுதினவனுக்குத் தங்கச்சி உண்டாடே?"

சிரிப்பு வந்தாலும், கேள்வி லேசானது இல்லை. என் ஆபீஸ் நண்பர்களும் இதையேதான் கேட்கிறார்கள். பெண் என்றால் வருமானமே பார்க்காமல் ஏன்? கலெக்டர் அம்மாவுக்கும் இலவசமா? சட்டப்படி, ஆமாம். எனக்கும் அது கொஞ்சம் நெருடத்தான் செய்தது. ஆனால் மாமி விஷயத்தைக் கையில் எடுத்தபோது கணக்கு வேறு மாதிரி தெரிந்தது. மாமி வீட்டுக்கு வருமானம் உண்டு, மாமிக்கு இல்லை. வீடு மாமா பேரில். பாஸ்புக் மருமகள் பேரில். கோர்ட் செலவுக்கு அவர் யாரிடம் கை நீட்டுவது? முப்பது வருஷமாகக் கை நீட்ட முடிந்த ஒரே இடம் பிறந்த வீடு. கேஸோ பிறந்த வீட்டின் மேல்! நம் பக்கத்தில் பெண்கள் போடும் வழக்கு பெரும்பாலும் அப்பா, அண்ணன், புருஷன், மகன் இந்த நாலு பேர் மேல்தான். செலவுக்குப் பணம் தர வேண்டியவர்களும் இதே நாலு பேர். 'வருமானச் சான்றிதழ் கொண்டா' என்று கேட்டிருந்தால், குடும்ப வருமானம் அதிகம் என்று அதே ஆண்களின் சம்பளத்தைக் காட்டி மாமியைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

ஜெயிலில் இருப்பவருக்கு ஏன் என்பதிலும் டீக்கடையில் சண்டை உண்டு. "கசாபுக்கே வக்கீல் குடுத்தானுவளே!" என்பார்கள். கொடுத்தார்கள்தான். 2008 மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட அஜ்மல் கசாபுக்கு விசாரணைக் கோர்ட்டிலும் வக்கீல், சுப்ரீம் கோர்ட்டிலும் வக்கீல். 2012 ஆகஸ்டில் தூக்கை உறுதி செய்த தீர்ப்பிலேயே, கைதானவரை முதன்முதலாகக் கொண்டு வரும்போதே 'உனக்கு வக்கீல் வைக்க உரிமை உண்டு, வசதி இல்லையென்றால் சர்க்கார் தரும்' என்று மாஜிஸ்திரேட் சொல்லியாக வேண்டும் என்று அழுத்தி எழுதினார்கள். கசாபுக்காகவா? இல்லை. 1979-இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கில் பீகார் ஜெயில்களின் கதை வெளியே வந்தது. குற்றம் நிரூபணமாகியிருந்தால் கிடைத்திருக்கும் தண்டனையை விட அதிக காலம், விசாரணையே நடக்காமல் உள்ளே கிடந்தவர்கள் இருந்தார்கள். ஜாமீனுக்கு ஆள் இல்லை, கேட்க வக்கீல் இல்லை. உள்ளே இருப்பவனுக்கு உதவி என்பது அவர்களுக்காக வந்தது. 1986-இல் சுக் தாஸ் வழக்கில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவன் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை என்று சர்க்கார் சாக்குச் சொல்லக் கூடாது. உரிமை இருப்பதே தெரியாதவன் எப்படிக் கேட்பான்?

அந்த இரண்டு தீர்ப்பிலும் இருந்த நீதிபதி பி.என். பகவதி. வி.ஆர். கிருஷ்ணய்யரோடு சேர்ந்து இந்த இலவச சட்ட உதவிக்கு அஸ்திவாரம் போட்டவர். இதே பகவதி 1986 பிப்ரவரி 24-இல் கொடுத்த இன்னொரு தீர்ப்புதான் எங்கள் மாமியின் கேஸுக்கு ஆணிவேர். அதைச் சொல்லாமல் போனால் கதை நிற்காது.

எங்கள் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் பக்கம். அங்கே கொல்லம் ஆண்டு 1092-இல், அதாவது 1916 வாக்கில், கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுச் சட்டம் போட்டார்கள். அப்பன் உயில் எழுதாமல் போனால், மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது! ஸ்திரீதனம் வாங்கியிருந்தால் அதுவும் இல்லை. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் இந்தச் சட்டம் உயிரோடு இருக்கிறதா, செத்துவிட்டதா என்று சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இரண்டு விதமாகத் தீர்ப்பு வந்தது. கோட்டயத்தில் மேரி ராய் என்று ஒரு டீச்சரம்மா, எழுத்தாளர் அருந்ததி ராயின் தாயார். சொந்தச் சகோதரரோடு மல்லுக்கட்டி சுப்ரீம் கோர்ட் வரை போனார். திருவிதாங்கூர் சட்டம் 1951-லேயே போய்விட்டது, 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும், மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு என்று தீர்ப்பு. அது வந்தது 1986-இல். பாட்டா இறந்தது 1994-இல். அப்பாவும் சித்தப்பாவும் விளையைப் பிரித்தது, செத்துப்போன சட்டத்தை மனசில் வைத்துக்கொண்டு!

"பத்துப் பவுன் போட்டாச்சே, அது கணக்கில் வராதா?" என்றார் அப்பா. கணக்குப் பிள்ளை அல்லவா, சரியான இடத்தில் கேட்டார். ஆனால் அதே சட்டத்தின் 49-வது பிரிவு, பெற்றவர் உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்குக் கொடுத்ததை இந்தப் பங்கில் கழிக்கக் கூடாது என்கிறது. 42-ஐ மூன்றால் வகுத்தால் 14. அப்பாவின் 21-இல் 7 போகிறது. அதாவது, பிற்காலத்தில் எனக்கு வர வேண்டியதில் 7 சென்ட்டை ஒரு வெள்ளைத் தாளில் நானே எழுதிக் காலி செய்திருக்கிறேன். பி.காம். படிப்புக்கு இதைவிட அவமானம் வேண்டுமா?

மனு போட்டது குழித்துறையில். கோர்ட்டோடு ஒட்டியே வட்ட சட்டப்பணிகள் குழு. அங்குள்ள மூத்த நீதிபதிதான் தலைவர். மாவட்டத்துக்கு நாகர்கோவிலில் மாவட்ட நீதிபதி தலைமையில் ஆணைக்குழு. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னாலும் அங்கே எழுதிக்கொள்ள வேண்டும். போனில் கேட்க 15100. மனுவின் மேல் ஏழு நாளைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. மாமிக்கு ஆதார் நகல் போதுமானதாக இருந்தது. கொடுத்த வக்கீல், இளம் வயது அம்மா, முதல் நாளே சொன்னார்: "நீங்க எனக்கு ஒரு ரூபாய்கூடத் தரக் கூடாது. யாராவது கேட்டாலும் தராதீங்க." பேனல் வக்கீல் கட்சிக்காரரிடம் கை நீட்டுவது குற்றம். மாமிக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த முறை ஒரு கட்டு மரச்சீனியோடு போனார். அதையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்பதில் மாமிக்கு இன்னும் வருத்தம்.

இலவசம் என்பது வக்கீலோடு முடியவில்லை. கோர்ட் ஃபீஸ், சம்மன் செலவு, தீர்ப்பு நகல், மேல்முறையீட்டுக்கான பேப்பர் தயாரிப்பு, ஆவணங்களை மொழிபெயர்ப்பது எல்லாம் சேர்த்தி. இந்தக் கடைசி அயிட்டம் இருப்பது எனக்குத் தெரிந்தபோது துள்ளிக் குதித்தேன். காரணம், விளையின் மூலப் பத்திரம் சங்கு முத்திரை போட்ட திருவிதாங்கூர் பத்திரம். கொல்லம் ஆண்டு 1118. முழுக்க மலையாளம். எங்கள் வீட்டில் அதை வாசிக்கத் தெரிந்த கடைசி ஆள் பாட்டா. முப்பது வருஷமாக அது பீரோவில் பைபிளுக்கு அடியில் யாரும் வாசிக்காத வேதம் மாதிரி கிடந்தது.

அப்பா ஒரு காசு வக்கீலைப் பார்த்தார். அவர் கேட்ட ஃபீஸைச் சொன்னால் உங்களுக்கும் வலிக்கும். அப்போதுதான் அப்பாவுக்கும் ஒரு வாசல் திறந்திருப்பது தெரிந்தது: மக்கள் நீதிமன்றம். அதற்கு 12-வது பிரிவும் கிடையாது, வருமான வரம்பும் கிடையாது, கட்டணமும் கிடையாது. கேஸ் போடுவதற்கு முன்பே போகலாம். போட்ட கேஸ் அங்கே முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பி வரும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. ஒத்துக்கொள்ளாவிட்டால் யாரும் கழுத்தில் கத்தி வைப்பதில்லை; வந்த வழியே கோர்ட்டுக்குப் போகலாம். அப்பீல் இல்லை என்பதுதான் இதில் ஆபத்தான இடம். அண்ணன் தங்கச்சி பாசத்தில் கண் கலங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறு மாசம் புலம்ப முடியாது. பெண்ணைப் பெரியவர்கள் கூடி 'விட்டுக் குடும்மா' என்று சம்மதிக்க வைப்பதும் நடக்கிற விஷயம்தான். அதனால்தான் மாமியிடம், வக்கீலம்மா பக்கத்தில் இல்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீங்க என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா இதை வாசிக்கப் போவதில்லை. அவர் சினிமாப் பக்கம் மட்டும்தான் பார்ப்பார்.

நடுவில் வேறொரு பிரச்னை கிளம்பியது. ஒரு ராத்திரி, சாப்பாடு போட்டுக்கொண்டே அம்மா கேட்டாள்: "மக்களே, எனக்க அப்பாவும் எழுதி வைக்காமல்லா போனாவ. அந்த பாரம் இன்னொண்ணு இருக்கா?" அம்மாவுக்கு அருமனையில் இரண்டு தம்பிகள். அப்பா மீன் குழம்பில் கை வைத்தபடி அப்படியே நிமிர்ந்தார். தங்கச்சி கேட்டால் அநியாயம், மனைவி கேட்டால்...? அரை நிமிஷம் மௌனம். அப்புறம், "எத்தனை சென்ட் இருக்கும்?" என்றார்.

போன வாரம் குழித்துறையில் முதல் உட்காரல். கேஸ் போடுவதற்கு முந்தின பேச்சு. அப்பா, சித்தப்பா, மாமி மூன்று பேரும் ஒரே பெஞ்சில். மலையாளப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பை வாசித்தார்கள். வடக்கே தோடு, கிழக்கே இன்னாருடைய விளை என்று எல்லை வரிசையாக வந்தது. விஸ்தீரணம் வந்தபோது சித்தப்பா இருமினார். பத்திரத்தில் 46 சென்ட். நாலு சென்ட் எங்கே? "கிழக்கால உள்ளவன் வேலியைத் தள்ளிட்டான்" என்றார் மாமி. "அன்னைக்கே சொன்னேன், நீதான் கேக்கல்ல" என்று சித்தப்பாவைப் பார்த்தார் அப்பா. மூன்று பேருமாகக் கிழக்கு வேலிக்காரரை ஒரு பிடி பிடித்ததில் அன்றைய நேரம் முடிந்துவிட்டது.

மாமிக்கு 14-க்கு அப்பா இன்னும் சம்மதிக்கவில்லை. பத்தில் நிற்கிறார். ரோட்டை ஒட்டின பத்து சென்ட் என்றால் யோசிக்கலாம் என்று மாமியின் வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் ரோட்டை ஒட்டி இருப்பது சித்தப்பாவின் பாகம். அடுத்த உட்காரலுக்கு முன்னால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அளக்கிற கூலியை மூன்று பேரும் சமமாகப் போட்டுக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. சம பங்கில் அவர்கள் ஒத்துக்கொண்டது இதுவரை அந்த ஒன்றில்தான்.